கருப்பட்டிப் பருவத்துக்கு முன்பே சென்னைக்குப் போக வேண்டிய காரணம்

தூத்துக்குடி, 12–3–1947, புதன்கிழமை, காலை மணி 6.10

4. சென்னைப் பயணம்: போனதும் வந்ததும்

அன்புள்ள தம்பி ஆறுமுகத்துக்கு,

உன் பேரன் கந்தனுக்கும் என் பேத்தி தங்கத்தைப் போலவே கண்கள் பிதுங்கி, உச்சந்தலை கூம்பி வருகிறதென்றும், கருப்பட்டிப் பருவம் முடிந்ததும் சென்னைக்குக் கொண்டுபோவதாகவும் எழுதியிருக்கிறாய். உடன்குடியில் பருவம் முடிய ஆடி ஆகிவிடும். ஆகவே எங்கள் பயணத்தை விடாமல் எழுதுகிறேன்.

6–1–1947 திங்கட்கிழமை மாலை, நான், என் மகள் பூரணம், நான்கு வயதுத் தங்கம் மூவரும் புறப்பட்டோம். தங்கத்துக்குத் தினமும் விடிந்ததும் தலைவலி, வாந்தி, பிறகு விளையாட்டு. வயிற்றுக் கோளாறென்று ஓமத்தண்ணீர் கொடுத்துவந்தோம். புத்தாண்டன்று வாசற்படி தெரியாமல் இருமுறை விழுந்தாள். அன்றே முடிவு செய்தேன்.

ஸ்டேஷனுக்கு ஜட்கா வண்டி எட்டணா. ரயிலில் நானூறு மைலுக்கு மேல். எஞ்சினுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும்; இதில் அலட்சியம் கூடாது. இக்குழந்தைகளுக்குத் தூக்கத்தில் இமை முழுதாக மூடாது, கரித்தூள் நேரே விழியில் படியும். பூரணம் நனைத்த துணியால் மூடியே கொண்டுவந்தாள்.

எதிரே சாத்தான்குளத்து அம்மாள் ஒருத்தி குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏளா, குளிப்பாட்டுதப்ப தலையப் பிடிச்சு உருட்டி விடலியா? இப்படிக் கூம்பிப்போச்சே!"

"உருட்டாம என்னக்கா? உருட்டுன உருட்டுல எங்கையிதான் தேஞ்சு போச்சு," என்றாள் பூரணம்.

பெட்டியே சிரித்தது. நான்கு வருஷமாகப் பூரணம் மாமியார் வீட்டில் கேட்ட கேள்வி அது. மதுரை வரை அவள் குழந்தையின் தலையை முந்தானையால் மூடியே வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, விளக்கொளியில் விழிக்குள் பார்த்தார். மருந்தினால் குழந்தைக்குக் கண் கூசி, அருகிலிருப்பது மங்கும். "ஐயோ அப்பா, இருந்த பார்வையும் போச்சே!" என்று பூரணம் அழுதாள். மறுநாள் சரியாயிற்று. நீங்கள் பயப்பட வேண்டாம்.

எக்ஸ்ரேயும் எடுத்தபின் டாக்டர் விளக்கினார். மண்டையோட்டு எலும்புகளின் பொருத்துகள் காலத்துக்கு முன்பே ஒட்டிவிட்டனவாம். மூளை வளர்கிறது, இடமில்லை. அந்த அழுத்தத்தில் கண் நரம்பு வீங்கியிருக்கிறது.

பூரணம் ஒன்றே கேட்டாள்: "நான் குளிப்பாட்டுனது தப்பாங்கய்யா?"

"எந்தக் கையும் இதைச் செய்யவும் முடியாது, தடுக்கவும் முடியாதம்மா."

நான் கேட்டது வேறு. சித்திரை கழித்து ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாமா என்றேன். "நரம்பு ஒருமுறை வாடிவிட்டால் பிறகு எலும்பைத் திறந்தும் பயனில்லை," என்றார் டாக்டர்.

16–1–1947 வியாழக்கிழமை, மண்டையெலும்பைக் கீற்றுக் கீற்றாக வெட்டி எடுத்து மூளைக்கு இடம் செய்தார்கள். 18–2–1947 அன்று ஊர் திரும்பினோம். தலைவலியும் வாந்தியும் நின்றுவிட்டன. இடக்கண்ணில் முன்பே போன பார்வை போனதுதான், வலக்கண் தப்பியது. இரவில் களிம்பு தடவிக் கண்ணைக் கட்டுகிறோம்.

கந்தனுக்கு இன்னும் இரண்டு கண்ணும் தெரிகிறதென்கிறாய். ஆதலால் இந்த வாரமே புறப்படு. பதநீரை உன் மகன் காய்ச்சட்டும். குழந்தையின் தாயைக் கட்டாயம் அழைத்து வா; அவளும் அந்த ஒரு பதிலைக் காதால் கேட்க வேண்டும். கண்ணுக்கு மை தீட்டாதீர்கள். புறப்படும் நாளைத் தந்தியில் சொல். மணியாச்சியில் நானும் ஏறிக்கொள்கிறேன்.

இத்துடன் வைத்திருப்பவை:

1. கண் டாக்டருக்கு என் கடிதம்.
2. ஆஸ்பத்திரிக்கு அருகே நாங்கள் தங்கிய வீட்டின் விலாசம்.
3. தீப்பெட்டி ஒன்று. உள்ளே சிறு சிப்பிகள்; நேற்றுக் கடற்கரையில் ஒருவரும் காட்டாமல் தங்கம் தானே பார்த்துப் பொறுக்கியவை. கந்தனுக்காம்.