ஒரு கறுப்புக் குண்டு

கூத்தாநல்லூர் யூனுஸ் குவைத்திலிருந்து திரும்பி வந்து மன்னார்குடியில் மரவாடி வைத்தபோது, பேச்சுத்துணைக்கு ஊரில் ஒருவரும் இல்லை. கூடப் படித்தவர்கள் சிங்கப்பூர், துபாய் என்று போய்விட்டிருந்தார்கள். கதவுக்குத் தேக்கு பார்க்க வந்த ரைஸ் மில் பரணிதரன்தான் அவரை வெள்ளைக்காரர் காலத்திலிருந்து ரகசியச் சடங்குகளோடு நடக்கும் ஃப்ரீமேசன் சபைக்கு அழைத்துப் போனார். சபைக்கு லாட்ஜ் ஹரித்ரா என்று பெயர்.

"லாட்ஜுக்குப் போறேன்னு வெளியில சொல்லாதீங்க. ரூம் போட்டுத் தங்குறதா நினைச்சுக்குவாங்க" என்றாள் மனைவி நஃபீசா.

சபையில் சாதி, மதம் பேசக்கூடாது, அரசியல் பேசக்கூடாது. ஒருவரையொருவர் சகோதரர் என்றுதான் அழைக்க வேண்டும். பெரிய மனிதர்கள் கோட்டுக்கு மேல் வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றது முதலில் யூனுஸுக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் நீடாமங்கலம் பக்கத்தில் பைக்கிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அந்தச் சகோதரர்கள்தான் முறை வைத்து வந்து கூட இருந்தார்கள். பரணிதரன் பெட்பேன்கூட எடுத்தார். அதன்பிறகு யூனுஸ் ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை.

கொரோனா சமயத்தில் சபையின் முன்னாள் தலைவர் வீட்டிலேயே இறந்துபோனார். பெற்ற பிள்ளைகள் தெருமுனையைத் தாண்டி வரவில்லை. ஃப்ரீசர் பெட்டியும் அமரர் ஊர்தியும் வாடகைக்கு விடும் முருகையன்தான் உள்ளே போனார். உடலைத் துடைத்து, வேட்டி மாற்றி, தன் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தார். தொற்று அடங்கியதும் சபை அவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தியது. "ரத்த சம்பந்தம் இல்லாத சகோதரர் இவர்" என்று மைக்கில் பேசினார் பரணிதரன்.

யூனுஸ் அதை அப்படியே நம்பினார். அடுத்த வருஷம் முருகையனைச் சபையில் சேர்க்கச் சொல்லி முன்மொழிந்தார்.

"எனக்கு எதுக்கு பாய் இதெல்லாம்?" என்று தயங்கிய முருகையன், பிறகு கும்பகோணம் போய் ஒரு கறுப்புக் கோட்டு தைத்துக்கொண்டு வந்தார்.

புதிதாக ஒருவரைச் சேர்ப்பது வாக்கெடுப்பில்தான். மூடிய பெட்டிக்குள் கையை விட்டு, சம்மதம் என்றால் வெள்ளைக் குண்டு, இல்லையென்றால் கறுப்புக் குண்டு போட வேண்டும். ஒரு கறுப்பு விழுந்தாலும் ஆள் சேர முடியாது. போட்டது யார் என்று கேட்கவும் கூடாது. அன்று பெட்டியைத் திறந்தபோது, வெள்ளைக் குண்டுகளுக்கு நடுவே ஆட்டுப் புழுக்கை மாதிரி ஒன்று கிடந்தது. யாரோ செருமினார்கள். தலைவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். பிறகு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பிரியாணி ரொம்ப நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் ஆமாம் என்றார்கள். யூனுஸ் ஒரு வாய் வைத்தார். தட்டை ஒதுக்கிவைத்தார்.

மறுநாள் முருகையனின் ஷெட்டுக்குப் போனார். முருகையன் ஃப்ரீசர் பெட்டியை டெட்டால் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் குழாயை மூடினார்.

"யாருன்னு தெரியுமா பாய்?"

"தெரியாது. கேக்கக் கூடாதாம்."

"சரி விடுங்க. இவங்க எல்லார் வீட்டுக்கும் என்னைக்காவது நான் போவணும். யாருன்னு தெரியாம இருக்கறதே எனக்கு நல்லது."

கோட்டை என்ன செய்யப்போகிறார் என்று யூனுஸ் கேட்கவில்லை.

அந்த வாரமே பரணிதரன் மரவாடிக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டீ வாங்கிவரச் சொல்லிக் குடித்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னார்: "உங்ககிட்ட மறைக்க விரும்பல யூனுஸ். நான்தான் போட்டேன்."

யூனுஸ் கையிலிருந்த அளவு நாடாவை மேஜையில் வைத்தார்.

"நல்ல மனுஷன்தான், இல்லங்கல. ஆனா பக்கத்துல உக்காந்து சாப்பிடணும்ல? பொணத்தைத் தொட்ட கை. நாலு பேர் சாப்பிட வராம நின்னுட்டா முன்மொழிஞ்ச உங்களுக்குத்தான் சங்கடம். உங்களுக்காகத்தான் செஞ்சேன்."

"தொழில் மட்டுந்தானா காரணம்?"

பரணிதரன் சிரித்தார். "அதையெல்லாம் நாம பேசக்கூடாதுல்ல. ரூல் இருக்கே."

வெற்றிலை எச்சிலை வாயில் அடக்கிக்கொண்டு சிரிப்பது மாதிரியான சிரிப்பு அது. என் மலத்தை எடுத்த கையும் இதே கைதானே என்று நினைத்தார் யூனுஸ். அப்போது பட்ட நன்றியைக்கூட இந்த ஆள் நாறடித்துவிட்டான் என்று பட்டது. "எந்திரிச்சுப் போங்க" என்றார். பரணிதரன் கோபித்துக்கொள்ளவில்லை. தோளைத் தட்டிவிட்டுப் போனார். யூனுஸ் உடனே வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றித் துவைக்கப் போட்டார்.

சபையிலிருந்து விலகுவதாக வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்து விழுந்தன. கூடவே ஒருவர் பூங்கொத்து அனுப்பியிருந்தார். குழுவை விட்டும் வெளியேறினார்.

போன தை மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். வாசலில் பரணிதரன் எதிர்ப்பட்டு, ஒன்றுமே நடக்காததுபோலக் கையைப் பற்றினார். விரல்முட்டியில் கட்டைவிரல் அழுந்தியது. சபைக்காரர்கள் தங்களுக்குள் மட்டும் காட்டிக்கொள்ளும் அடையாளம் அது. யூனுஸ் பதிலுக்கு அழுத்தவில்லை. கையை உருவிக்கொண்டு நேரே குழாயடிக்குப் போனார்.

"இன்னும் பந்திக்கே கூப்பிடலயே, அதுக்குள்ள என்ன கை கழுவுறீங்க?" என்றாள் நஃபீசா.

"சோப்பு இருக்கா பாரு" என்றார் யூனுஸ்.