பிரசிடெண்டுக்கு ஒரு ஓலைக்குடை

எனக்கு இந்த ஊர் வாத்தியார் வேலை இருக்கா போச்சான்னு இன்னும் தெரியலை.

நேத்து மூணாம் வகுப்புக்கு, எங்க பள்ளிக்கூடத்தை நடத்துற ஜில்லா போர்டு பிரசிடெண்டுன்னா யாருன்னு பாடம். "நம்ம ஊரையெல்லாம் பார்த்துக்கிறவர்"னு சொல்லி, களிமண்ணைக் கொடுத்து அவரைச் செய்யச் சொன்னேன்.

பிள்ளைங்க அவரைக் கண்ணால பார்த்ததில்லை. ஊரைப் பார்த்துக்கிறவர்னா அதுகளுக்குத் தெரிஞ்சது எல்லையில நிக்கிற கருப்பர்தான். குதிரை, முறுக்கு மீசை, கையில அருவான்னு அப்படியே செஞ்சு வச்சிருச்சுக.

இன்னைக்குக் காலையில, சொல்லாமக் கொள்ளாம அந்தப் பிரசிடெண்டே மோட்டார்ல வந்து இறங்கிட்டார். பொம்மையை ஒளிக்க நேரமில்லை.

"இது யாரு, வாத்தியாரே?"

முன்வரிசை வள்ளிக்கண்ணு எந்திரிச்சு, "நீகதான்யா"ன்னுட்டா.

அவர் அருவாளைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார். மழிச்ச தன் மேலுதட்டைத் தடவினார்.

பொம்மைக்கு மேல பிள்ளைங்க நட்டிருந்த பனையோலைக் குடையைக் கண்டதும் முகம் கொஞ்சம் இளகுச்சு.

"சாமி புறப்பாட்டுக்குப் பிடிக்கிற மாதிரி எனக்கும் குடையா?"

"ஆமாங்கய்யா"ன்னு நான் வாயெடுக்கிறதுக்குள்ள வள்ளிக்கண்ணு முந்திக்கிட்டா.

"இல்லய்யா. நீக பச்சை மண்ணுல்ல? நம்ம பள்ளிக்கூடக் கூரை ஒழுகும். மழை வந்தா கரைஞ்சு போயிருவீக."

அண்ணாந்து கூரையைப் பார்த்தார். நேரா போய் மோட்டார் ஏறிட்டார்.

இனி கூரைக்கு ஓடு முந்தி வருமா, எனக்கு மாற்றல் உத்தரவு முந்தி வருமா? நீங்க என்ன நினைக்கிறீக?

எது வந்தாலும், அதுவரைக்கும் குடையை எடுக்கிறதா இல்லை.