சின்னவளாகிக்கொண்டே போன அக்கா

அன்றைக்கு வீட்டில் இருந்தது ஐந்து பேர். அம்மா, அம்மாவின் தம்பியான என் மாமா, நான், மூலையில் தூங்கிக்கொண்டிருந்த தங்கச்சி, அப்புறம் எங்கள் வீட்டின் ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த முறுக்குக் கம்பெனிக்காரர். அரசாங்கம் கொடுத்த கலர் டிவியையும் ஆறாவது ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு அன்று அது ஒன்றுதான் முக்கியமான ஆளாகத் தெரிந்தது.

சின்னமனூரில் எங்கள் தெருப் பயல்கள் எல்லாரும் சாயங்காலமானால் கிரிக்கெட் ஆடப் போய்விடுவார்கள். நான் மட்டும் ஒரு ஜப்பான் கார்ட்டூனுக்காக உட்கார்ந்திருப்பேன். பேச்சு முழுக்க இந்தி. ஓயாமல் மழை பெய்கிற ஒரு ஊர். அதில் ஒரு அக்கா, ஒரு தம்பி. ஆற்றைக் கடக்க ஒரு படகு. அக்கா அதில் ஏறி அக்கரை போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு வயது குறைந்துவிடும். ஆரம்பத்தில் தம்பிக்குச் சோறு ஊட்டியவள், போகப்போக அவன் உயரத்துக்கு வந்தாள். பிறகு அவன் தோளில் ஏறிக்கொண்டாள். ஏன் குறைகிறாள், எதற்காகப் போகிறாள், தலைக்குப் பதிலாகப் பானை வைத்த ஒருவன் கரையில் உட்கார்ந்து ஏன் குடைகளை எண்ணிக்கொண்டே இருக்கிறான், ஒன்றும் விளங்காது. சில நாள் பழைய பாகத்தைத் திரும்பப் போட்டுவிடுவார்கள். அக்கா மறுபடி பெரியவளாக நிற்பாள். ஆனாலும் அவள் தம்பியை யாரோபோல் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் பிறவியிலேயே பயந்தவன். மின்விசிறி கழன்று விழுமென்று அதற்கு நேர்கீழே படுக்க மாட்டேன். எட்டாவதோடு படிப்பை விட்டு வாழைத்தார் வண்டி ஓட்டுகிற இந்த வயதிலும், வீட்டைப் பூட்டிப் பாதி வழி போனவன் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறேன். அப்போது எனக்கிருந்த ஒரே தைரியம் மாமா. வடக்கே முறுக்குக் கம்பெனியில் பல வருசம் இருந்தவர் என்பதால் அவருக்கு இந்தி தெரியும். வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்தவர், திருவிழா முடிந்தும் போகாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பானைத்தலையன் வாடகை கேக்குறான்" என்பார்.

"முந்தாநாளு அவன் தாய்மாமன்னு சொன்னீக?"

"ஏன், தாய்மாமன் வாடகை கேக்கக் கூடாதா மருமகனே?"

அன்றைய பாகத்தை நினைத்து எனக்குக் காலையிலிருந்தே பயம். அக்கா கைக்குழந்தை அளவுக்கு வந்துவிட்டாள். இன்னொரு தடவை படகேறினால் மிச்சம் இருக்க மாட்டாள். இதில் ஆறு மணிக்குக் கரண்ட்டை வேறு நிறுத்திவிடுவார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனிக்காரர் வந்தார்.

"ஏலே, பெரியவுக வந்திருக்காக. சத்தத்தைக் குறை" என்றாள் அம்மா. கொஞ்சம் குறைத்தேன். முறைத்தாள். முழுக்கக் குறைத்தேன்.

எங்கள் பக்கத்திலிருந்து முறுக்குக் கம்பெனிக்குப் போகிறவர்கள் மாதச் சம்பளத்துக்குப் போவதில்லை. வீட்டில் முன்பணம் கொடுத்து ஆளைக் கூட்டிப் போவார்கள். அது கழிகிறவரை அடுப்பு முன்னால் நிற்க வேண்டும். திருவிழாவுக்கு ஊருக்கு விடுவார்கள். திரும்பாதவர்களைத் தேடி அப்புறம் ஆள் வரும். அப்பா சாகக் கிடந்தபோது ஆஸ்பத்திரிச் செலவுக்கு அம்மா வாங்கிய முன்பணத்துக்குத்தான் மாமா போயிருந்தார். அப்போது அவருக்கு, இந்தக் கார்ட்டூன் பார்த்த நாளில் எனக்கிருந்த வயதுதான். பாதியில் மேற்கொண்டும் வாங்கியதால் பாக்கி கழியவே இல்லை. மாமாவின் கைகளில் எண்ணெய் தெறித்த வெள்ளைப் புள்ளிகளை நான் தேமல் என்று நினைத்திருந்தேன்.

கம்பெனிக்காரர் பதவிசாகத்தான் பேசினார். "தம்பிக்கு இஷ்டமில்லேன்னா நான் என்ன கட்டியா இழுத்துட்டுப் போகப்போறேன்? இவன் வரலேன்னா உன் மகனை அனுப்பு தங்கச்சி. சின்னக் கை அச்சுல மாவு அடைக்கத் தோதா இருக்கும்."

"அவன் படிக்கிற புள்ளண்ணே."

"இவனுந்தான் படிச்சிக்கிட்டிருந்தான், நான் கூட்டிட்டுப் போகயில."

அம்மா வெற்றிலைக் கொடிக்கால் வேலைக்குப் போய்க் கறையேறிய நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எல்லாம் காதில் விழத்தான் செய்தது. ஆனால் அந்த நேரத்தில் என் கவலை, அவர் கால்மேல் கால் போட்டு ஆட்டுகிற பாதம் திரையின் ஒரு ஓரத்தை மறைக்கிறதே என்பதுதான்.

திரையில் படகு கரைக்கு வந்துவிட்டது. தம்பி, அக்காவைத் தோளிலிருந்து இறக்கி ஒரு கல்லின்மேல் உட்கார வைத்தான். குனிந்து அவள் காதருகே வாயை அசைத்தான்.

"மாமா, என்ன சொல்றான்? சொல்லுங்க மாமா!"

மாமா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நீ இங்கனயே இரு அக்கா, இந்தத் தடவை நான் போறேங்கிறான்."

"அவனுக்கும் வயசு குறைஞ்சிருமே?"

"அவனுக்குக் குறைய வேண்டியதெல்லாம் முந்தியே குறைஞ்சிருச்சு."

"அக்கா விடுவாளா?"

"விட்டுத்தான ஆகணும். இல்லேன்னா அவ புள்ளைதான போகணும்?"

அந்த அக்காவே கைக்குழந்தை மாதிரி விரல் சூப்பிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏது பிள்ளை என்று கேட்க வாயெடுத்தேன். இந்தி தெரிந்தவரிடம் நமக்கென்ன வாதம் என்று விட்டுவிட்டேன். சத்தமே இல்லாத டிவிக்கு அவர் அர்த்தம் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு பாகத்தைக்கூட உட்கார்ந்து பார்க்காத அம்மாவையே அழ வைக்கிறதென்றால் எப்பேர்ப்பட்ட கதை!

தம்பி படகில் கால் வைத்தான். கரண்ட் போய்விட்டது. நான் ஓவென்று கத்தினேன். கம்பெனிக்காரர் எழுந்து, "அப்ப காலையில பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பா" என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அவர் பின்னாலேயே வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"படகு என்னாச்சு மாமா? திரும்ப வந்துருவானா?"

"அங்கன போயிப் பார்த்துட்டுச் சொல்றேன்லே."

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. வடக்கே போனால் இதே கார்ட்டூனைப் பார்க்கலாம், கூடவே ஊரே அர்த்தம் சொல்லும். மாமா கொடுத்துவைத்தவர் என்று நினைத்துக்கொண்டேன். விடிந்து மாமா பையோடு கிளம்பியபோது, மறக்காமல் பார்க்கச் சொல்லித்தான் வழியனுப்பினேன். அழக்கூட இல்லை.

அன்று சாயங்காலம் கடைசிப் பாகம். கரண்ட் அன்று போகவில்லை. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு பார்த்தேன். படகு திரும்பி வந்தது. அதிலிருந்து ஒருவன் இறங்கினான். அவன் தம்பிதானா, வேறு யாராவதா, மழையில் சரியாகத் தெரியவில்லை. எல்லாரும் என்னென்னவோ பேசினார்கள். பாட்டுப் போட்டு முடித்துவிட்டார்கள். அர்த்தம் சொல்லப் பக்கத்தில் ஆளில்லை. எழுந்து அடுப்படிக்கு ஓடினேன்.

"மாமா எப்பம்மா வருவாக?"

நான் கேட்டது எந்த நாள் என்று. அடுப்பை விட்டுத் திரும்பாமல் அம்மா சொன்ன பதில் எனக்கு அன்று விளங்கவில்லை.

"இன்னும் ஏழாயிரத்து எறநூறு பாக்கி இருக்குய்யா."