தியேட்டர் வாசலில் போட்ட சக்கர நாற்காலி

திருமுடிவாக்கத்தில் கேட், கிரில் அடிக்கிற பட்டறை என்னுடையது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் எழுப்பியது. பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் மாடி வீடு. இரண்டு பெண்களுக்கும் ஊர் மெச்சக் கல்யாணம். எனக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்ததும் பாதி உறவு கழன்றுகொண்டது. பட்டறையை ஒருநாளும் நான் சாத்தவில்லை. இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. தாம்பரம் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் வழக்கத்தையே மாற்றினேன்.

எச்.ஐ.வி. மாத்திரையை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியிருந்த சமயம். உடம்பு தேறியது, கால்தான் தகராறு செய்தது. கொஞ்சம் நடந்தாலே கெண்டைக்கால் இறுகும். அப்புறம் கட்டைவிரல் கறுத்தது. ரத்தக்குழாய் அடைப்பு, கிருமியும் பீடியும் சேர்ந்து பார்த்த வேலை என்றார் சர்ஜன். அடைப்பைத் தாண்டி வேறு குழாய் வைத்துத் தைக்க வேண்டும், தள்ளிப்போனால் காலையே எடுக்க வேண்டிவரும் என்றார்.

ஆனால் அங்கே எச்.ஐ.வி. உள்ளவனுக்கு எப்போதும் அன்றைய கடைசி ஆபரேஷன்தான். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடப்பேன். சாயங்காலம் வந்து, நேரமில்லை, அடுத்த வாரம் என்பார்கள். இரண்டு வாரம் இப்படியே போனது. கறுப்பு பக்கத்து விரலுக்கும் பரவியது.

மூன்றாம் வாரம், விடிந்ததும் சக்கர நாற்காலியை நானே உருட்டிக்கொண்டு போய், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் குறுக்கே நிறுத்தி பிரேக் போட்டேன். சிஸ்டர் ஓடி வந்தார்.

"ஐயா, உங்க கேஸ் கடைசி."

"இன்னாத்துக்கு கடைசி?"

"உங்களுக்கப்புறம் தியேட்டரை நல்லா கழுவணும்."

"அப்ப மத்தவங்களுக்கப்புறம் நல்லா கழுவ மாட்டீங்களா? வெளிய கீற அவங்க சொந்தக்காரங்ககிட்ட சொல்லவா?"

"பேஜார் பண்ணாதீங்க. சார் வந்தா என்னைத்தான் திட்டுவாரு."

"வரட்டும். அவருக்கோசரம்தான் குந்திகினு கீறேன்."

சர்ஜன் வந்தார். "என்ன பெரியவரே, மறியலா?"

"கேட் அடிக்கிறவன் சார். எப்படி மறிக்கணும்னு எனக்குத் தெரியும்."

அவர் குனிந்து காலில் சுற்றியிருந்த கட்டைப் பிரித்து விரலைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "இவரை முதல்ல ஏத்துங்க," என்றார் சிஸ்டரிடம். "எல்லாருக்கும் கழுவற மாதிரி கழுவினா போதும்."

இரண்டு விரல் போயிற்று, கால் நின்றது. பீடியையும் அன்றோடு விட்டேன். அதற்குப் பிறகு அங்கே என்னைப் போன்ற யாரையும் கடைசியில் தள்ளவில்லை.

போன மாதம் அந்த ஆஸ்பத்திரி விழாவில் நிர்வாகி மைக் பிடித்து, "ஆரம்பத்திலிருந்தே இங்கே பாகுபாடு கிடையாது," என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். சர்ஜனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தட்டும், அந்தக் கைக்குத் தகும். ஆனால் ஆரம்பத்திலிருந்தே என்பது பொய். வாசலை மறித்து ஒருத்தன் உட்கார்ந்ததால் வந்தது அது. அடுத்த விழாவில் அதே மைக்கில் அதையும் சொல்ல வேண்டும். நான் முன்வரிசையில் வந்து உட்காருவேன்.