ஷாஃப்ட் மாதிரி ஒரு கிரிட்

அந்த நாட்களில் காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கம்ப்யூட்டரைப் போடுவேன். மானிட்டர் கண்ணாடிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் ரோமம் மெல்ல எழுந்து நிற்கும். சூடான தூசி வாசனை வேறு... இன்னும் மூக்கிலேயே இருக்கிறது.

2001. மைசூர் மைன்ஸ் என்ற தங்கச் சுரங்கக் குடியிருப்பில் எங்கள் வீட்டு முன்னறை. இன்ஜினியரிங் கடைசி வருஷ ப்ராஜெக்ட். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் ஒலி எப்படிப் போய்த் திரும்புகிறது என்று கம்ப்யூட்டரிலேயே செய்து காட்ட வேண்டும். ப்ரோகிராம் நான். படம், ரிப்போர்ட் எல்லாம் ரோஸ்லின். பக்கத்துக் குடியிருப்பான ஸ்கெலட்டனிலிருந்து சைக்கிளில் வருவாள்.

பெங்களூர் கம்பெனி ஒன்றில் இரண்டு பேருக்கும் வேலை சொல்லியிருந்தார்கள், ஃபர்ஸ்ட் கிளாஸ் வந்தால். மைன்ஸ் மூடிவிட்டதால் ரோஸ்லின் அப்பா வீட்டோடு இருந்தார். அவர்கள் வீட்டுக்கு வேறு சம்பளம் கிடையாது.

திரையைக் குட்டிக் குட்டிக் கட்டங்களாகப் பிரிப்போம். அதுதான் கிரிட். மேல் ஓரத்தில் டிரான்ஸ்டியூசர்... டாக்டர் வயிற்றில் வைத்து நகர்த்துவாரே, அது. அதிலிருந்து கிளம்பும் ஒலி, கீழே நாங்கள் வைத்த ஒரு கல்லில் பட்டுத் திரும்பும்.

ப்ரோகிராம் ஓடும்போது இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு வளையம்... கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வளையம்... வெயில் சுவரில் ஏறி, ஜன்னல் வரை வந்து, போய்விடும். டீ ஆறிக் கிடக்கும்.

மெமரி போதவில்லை. எதையாவது குறைக்க வேண்டும். யோசிக்காமல் அகலத்தைக் குறைத்தோம். "எங்கப்பா எத்தனாவது லெவல்ல இறங்குறாரு தெரியுமா?" என்று ஸ்கூலில் சண்டை போட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆழத்தில் கை வைக்க மனசு வருமா? கிரிட், சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் மாதிரி ஒல்லியாக, நீளமாக இறங்கியது. டிரான்ஸ்டியூசரையும் அதற்குள் அடங்கும்படி சின்னதாக்கினோம்.

அங்கேதான் தப்பு. டிரான்ஸ்டியூசர் சின்னதானால் ஒலி நேராக இறங்காது, விசிறி மாதிரி விரியும். கிரிட்டின் இரண்டு ஓரமும் கிட்டே இருந்ததால், அதில் மோதித் திரும்பி வந்தது.

"இன்னாடி இது, ஒரு கல்லு வெச்சா ரெண்டு தெரியுது? குட்டி போட்டுச்சா?"

ரோஸ்லின் அப்படிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அகலமாக்கினால் மெமரி தாங்காது. கட்டங்களைப் பெரிதாக்கினால் அலையே கலங்கிப்போனது. மறுநாள் வைவா, எக்ஸாமினர் நேரில் கேள்வி கேட்பார்.

"அப்டியே காட்டிடலாம்டி. கேட்டா, இதான் தப்பு, இதனாலதான் வந்துச்சுன்னு சொல்லிட்டுப் போறோம். இன்னா இப்போ?"

சரி என்றேன். அவள் கிளம்பியதும் கம்ப்யூட்டரில் பெயின்ட் ப்ரோகிராமைத் திறந்து, அந்த இரண்டாவது கல்லைக் கறுப்பு பூசி அழித்தேன். படம் ரொம்ப அழகாக இருந்தது.

காலையில் அதைப் பார்த்துவிட்டு, "எப்புட்றீ?" என்றாள். "சரியாயிடுச்சு" என்றேன். நம்பினாள்.

வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் அவளிடம்தான் கேட்டார். "இவ்வளவு குறுகலா கிரிட் போட்டிருக்கீங்க. ஓரத்துல பட்ட எதிரொலி வந்திருக்கணுமே... எங்கம்மா அது? எடுத்துட்டீங்களா?"

"இல்ல சார்."

என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மேஜைக்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அவள் பெயருக்கு நேராக எதையோ எழுதினார்.

அவளுக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் கொஞ்சத்தில் தவறியது. பெங்களூருக்கு நான் மட்டும் போனேன். அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, இன்றுவரை.

இப்போது என் லேப்டாப்பில் எவ்வளவு அகலமாக வேண்டுமானாலும் கிரிட் போடலாம். காபி குடித்து முடிப்பதற்குள் ரிசல்ட் வந்துவிடும். வளையம் வளையமாக அலை வருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார யாரும் இல்லை... எனக்கும் நேரமில்லை.

ரோஸ்லின் ஊரிலேயே டியூஷன் எடுக்கிறாள். ஃபேஸ்புக் பக்கமே வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊருக்குப் போகும் மாரிகுப்பம் ரயிலில் ஏறப்போகிறேன். அழித்தது நான்தான் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இது வீட்டில்கூட இன்னும் யாருக்கும் தெரியாது.