ஸ்க்ரீன்ல இன்னா வந்துகீது?

டில்லிபாபுவுக்கு ஃபோன் செய்கிறவர்கள் யாரும் நலம் விசாரிப்பதில்லை. "பாபு, ஓடல" என்பார்கள். இல்லாவிட்டால் "பாபு, நின்னுபோச்சு." அவன் பதற மாட்டான். வாயிலிருக்கும் டீயை விழுங்கிவிட்டு ஒரே கேள்விதான் கேட்பான்: "ஸ்க்ரீன்ல இன்னா வந்துகீது?"

எதிர்முனையில் இருப்பவர் தெரிவதைப் படிப்பார். கறுப்புத் திரையில் பாதியில் நின்ற வரி, ஆப்பிள் படத்துக்குக் கீழே முக்கால்வாசியில் உறைந்துபோன கோடு. கேட்ட மாத்திரத்தில் அந்தத் திரை அப்படியே அவனுக்குள் வந்து நிற்கும். எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான். வருஷக்கணக்காக இந்தக் கேள்விதான் அவன் பிழைப்பு. ஒருநாள் வீட்டில் மனைவி ஜோதிலட்சுமி தலை சுற்றுகிறது என்றபோது, ஏதோ நினைப்பில் "இன்னா வந்துகீது?" என்று அவளிடமும் கேட்டுவைத்தான். "ஆப்பிள் வந்துகீது. போய் மாத்திரை வாங்கினு வா" என்றாள். அன்றிலிருந்து பக்கத்து வீட்டில் குழந்தை அழுதாலும் அவள் இந்தக் கேள்வியைத்தான் அவன் மேல் எறிவாள்.

தி.நகரில், துணிக்கடைக் கூட்டம் எட்டாத ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவனுடைய அறை. ஆப்பிள் கம்பெனியின் மேக் கம்ப்யூட்டர் வாங்க வசதியில்லாமல், மேக் இல்லாமல் வேலையும் ஓடாமல் தவிக்கிறவர்கள் அந்தப் படியேறி வருவார்கள். பாதிப்பேர் கல்யாண வீடியோ வெட்டுகிறவர்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் அடைத்த ரிட்சி தெருவில் பாகங்களைப் பொறுக்கி வாங்கி, சாதாரணப் பெட்டியில் பூட்டி, அதற்குள் மேக்கின் மென்பொருளைக் குடியேற்றிக் கொடுப்பான். மேக் சும்மா வந்து உட்கார்ந்துவிடாது. ஒவ்வொரு பாகத்திடமும் நீ யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்கும். அத்தனைக்கும் பதில் சொல்லிக்கொடுத்து வைப்பதுதான் வேலை.

வருகிறவர்களிடம் முதலிலேயே உடைத்துச் சொல்லிவிடுவான். "இது ரெஜிஸ்டர் ஆபீஸ் கல்யாணம் சார். கம்பெனிக்காரன் சம்மதம் கெடையாது. குடும்பம் நல்லா நடத்தும். ஆனா ஒரு சண்டைன்னா அவங்க ஊட்டாண்ட போய் நிக்க முடியாது. என்னாண்டதான் வரணும்."

அவன் பிறந்தது அடையாற்றின் கரையில். குடிசைகளை எடுத்தபோது குடும்பம் பெரும்பாக்கத்து அடுக்கு வீட்டுக்குப் போனது. அங்கிருந்து தினமும் பஸ். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் வழியெல்லாம் கடைப் பலகைகளை வாய்க்குள் படித்துக்கொண்டே வருவான். எதிரில் எழுத்து இருந்தால் படித்தாக வேண்டும், அப்படி ஒரு கண்.

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் ஜெயஸ்ரீ படியேறி வந்தாள். தம்பி ஸ்ரீஹரியின் முழங்கையைப் பிடித்திருந்தாள். கையில் மடித்த வெள்ளைக் கோல்.

"அக்காவுக்கு ஒரு மேக் வேணும் சார்" என்று ஸ்ரீஹரி ஆரம்பித்தான். "அவளுக்குக் கண்ணு தெரியாது, அதனால..."

"வாய் இருக்குடா. நானே சொல்லிக்கறேன்" என்றாள் ஜெயஸ்ரீ.

அடையாறில் ஒலிப்புத்தகம் தயாரிக்கும் ஓர் இடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. வாசிக்கிறவர்கள் நடுவில் இருமுவதை, மூச்சு வாங்குவதை, தப்பாகப் படித்துவிட்டு 'ச்சே' என்பதையெல்லாம் வெட்டிச் சீராக்கும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் அவர்கள் பயன்படுத்தும் மென்பொருள் மேக்கில் மட்டும்தான் ஓடும்.

"இவன் காலம்பற பெருங்குடிக்கு ஆபீஸ் போனான்னா ராத்திரிதான் வருவான். பகல் பூரா ஆத்துல நான் மட்டும்தான். ஒத்தாசைக்குப் பக்கத்துல யாராவது இருப்பாளான்னு இன்டர்வியூல கேட்டா. வேண்டாம்னுட்டேன். அவா நம்பினாளா இல்லையான்னு மூஞ்சியைப் பார்த்துத் தெரிஞ்சுக்கவும் நேக்கு வழியில்லை." சிரித்தாள். "ஒரு மாசம் பார்த்துட்டுதான் நிரந்தரம் பண்ணுவா. அதுக்குள்ள ஒருநாள், மெஷின் ஆன் ஆகலை, தம்பி வரட்டும்னு நான் சொன்னேன்னு வெச்சுக்கோங்கோ, அதோட சரி."

"நீங்க எப்டி மேடம் யூஸ் பண்ணுவீங்க?"

"அது பேசும். நான் கேட்பேன். அதுல இருக்கறதையெல்லாம் அதுவே படிச்சுச் சொல்லிடும். நீங்க ஒரு மெஷின்ல முதல்ல எதைச் சரி பண்ணுவேள்?"

"டிஸ்ப்ளே. சவுண்டு எப்பவும் கடைசி."

"நேக்கு சவுண்டுதான் டிஸ்ப்ளே."

அந்த வாக்கியம் அவனோடு பஸ்ஸில் பெரும்பாக்கம் வரை வந்தது.

ஆகவே இந்த ஒரு பெட்டிக்குச் சத்தத்திலிருந்து ஆரம்பித்தான். சவுண்டு சிப்புக்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். எந்த எண் பொருந்தும் என்று யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. ஒன்றைப் போட்டு, அணைத்து, மறுபடி ஆன் செய்து, காது கொடுத்துப் பார்க்க வேண்டும். ஸ்பீக்கர் ஊமையாகவே இருந்தது. மறுபடி வேறொன்று. கடைசியில் ஸ்பீக்கர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு பெண் குரலில் பேசியபோது, கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் "மேல யாருப்பா லேடீஸ்?" என்று சத்தம் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரில், கோயில் குளத்துக்குப் பின்புறத் தெருவில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் பெட்டியை எடுத்துப் போனான். ஜன்னலோர மேஜையில் வைத்து ஆன் செய்து காட்டினான். குரல் வந்தது. ஜெயஸ்ரீ விசைப்பலகையை இழுத்துக்கொண்டு என்னவோ தட்டினாள். குரல் வேகம் பிடித்தது. இன்னும் தட்டினாள். அவன் காதுக்கு அது தகரத்தில் விழும் மழை போலத்தான் கேட்டது.

"இன்னா மேடம், வண்டி பிரேக் புடிக்காம ஓடுது?"

"மெதுவாப் பேசினா நேக்குத் தூக்கம் வந்துடும்."

ஸ்ரீஹரி மானிட்டரைப் பார்த்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே இருந்தான். குரல் அதற்குள் நாலு வரி தாண்டிப் போயிருந்தது.

மறுநாள் ஜெயஸ்ரீக்கு வேலையின் முதல் நாள். காலையில் டில்லிபாபு டீயை வாயில் வைத்த நேரம் ஃபோன் வந்தது.

"பாபு சார், ஜெயஸ்ரீ. பேசலை."

டீயை விழுங்கினான். "ஸ்க்ரீன்ல இன்னா வந்துகீது?"

எதிர்முனையில் ஆட்டோ ஹாரன் ஒன்று தேய்ந்து மறைந்தது.

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

டில்லிபாபு நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஐயோ மேடம். பழக்கதோஷம் மேடம், மன்னிச்சுக்கங்க..."

"அதெல்லாம் சாவகாசமா மன்னிக்கறேன். பத்து மணிக்கு முதல் ஃபைல் வரும். கார்த்தால கரண்ட் போயிட்டு வந்தது. நான்தான் ஆன் பண்ணினேன். ஃபேன் சுத்தறது. மத்தபடி மூச்சில்லை."

"நான் கெளம்பி வரேன்."

"இந்த நேரத்துல தி.நகர்லேர்ந்து வந்து சேர்றதுக்குள்ள அவா ரெண்டு தரம் ஃபோன் பண்ணிடுவா. ஸ்ரீஹரியைக் கூப்பிட்டா லீவு போட்டுண்டு ஓடி வருவான். அவனைக் கூப்பிடப்போறதில்லை." கொஞ்சம் யோசித்தாள். "உங்ககிட்ட இதே மாதிரி இன்னொண்ணு இருக்குமோன்னோ? கண்ணை மூடிண்டு அதை ஆன் பண்ணுங்கோ. உங்க கை என்ன பண்றதுன்னு பாருங்கோ."

ஒரு வீடியோக்காரரின் பெட்டி மேஜையில் தயாராக இருந்தது. டில்லிபாபு கண்ணை மூடினான். பவர் பட்டனைத் தேடி அழுத்தினான். ஃபேன் சுழன்றது. அறை திடீரென்று பெரிதாகிவிட்டது போல இருந்தது. கீழே ஜெராக்ஸ் இயந்திரம் காகிதத்தை இழுக்கும் சத்தம், எங்கோ ஒரு கொத்தனாரின் சுத்தி. அப்போது அவன் சொல்லாமலே வலது கை எழுந்து விசைப்பலகைக்குப் போய் என்டரைத் தட்டியது.

கண்ணைத் திறந்து தன் விரலையே பார்த்தான்.

ஆன் செய்ததும் பெட்டி ஒரு பட்டியலைக் காட்டி, எந்த டிஸ்கிலிருந்து கிளம்பட்டும் என்று கேட்டு நிற்கும். சோதிக்கும்போது வசதி என்று, பதில் வரும்வரை காத்திருக்கும்படி அவனே வைத்திருந்தான். கண் பார்த்ததும் கை தட்டிவிடும். நேற்று மயிலாப்பூரிலும் தட்டியிருக்கிறான். தட்டினோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

"மேடம், என்டர் ஒரு தட்டு தட்டிட்டு கொஞ்சம் இருங்க."

காத்திருந்தார்கள். பிறகு ஃபோன் வழியே அந்தப் பெண் குரல் சின்னதாகக் கேட்டது. அவன் மூச்சை விட்டான். ஜெயஸ்ரீ விடவில்லை.

"பேசறது. ஆனா நான் சொல்றதைக் காதுலயே வாங்கலை. பாஸ்வேர்டு அடிச்சா அசையலை. எங்காத்து மனுஷாளை மாதிரியே இருக்கு."

இது அவனுக்குப் புரிந்தது. "கீபோர்டு ஒயரை யார்னா கழட்னாங்களா மேடம்?"

"தேவானை, தரை துடைக்கறச்சே ஒயரையெல்லாம் எடுத்தியோ?" என்று வீட்டு வேலைக்கு வருகிறவளிடம் ஜெயஸ்ரீ கேட்டது காதில் விழுந்தது.

"எத்தேன்க்கா. எது எங்க இருந்துச்சோ அங்கயேதான் சொருவினேன். எதுனா ஒண்ணு ஆச்சுன்னா என் தலையிலயே போடுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

பெட்டியின் பின்புறம் யுஎஸ்பி பொந்துகள் வரிசையாக இருக்கும். அத்தனைக்கும் மேக் இடம் கொடுக்காது. ஒரு கணக்குக்கு மேல் போனால் கண்டுகொள்ளாது. எவை வாழட்டும், எவை மூடியிருக்கட்டும் என்று தீர்மானிப்பது டில்லிபாபுதான். மூடிய பொந்தில் சொருகினாலும் மேக் வரும்வரை விசைகள் வேலை செய்யும். அது வந்து உட்கார்ந்ததும் செத்துவிடும்.

"ஒண்ணுமில்ல மேடம், பொந்து மாறிப்போச்சு. பின்னாடி நீலக் கலர்ல ரெண்டு..." நிறுத்திக்கொண்டான்.

"சொல்லுங்கோ, நீலம் கைக்கு எப்படி இருக்கும்?" ஜெயஸ்ரீ சத்தமாகவே சிரித்துவிட்டாள்.

அவன் எழுந்துபோய் வீடியோக்காரரின் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு மறுபடி கண்ணை மூடினான். விரல்கள் தகரத்தின் மேல் மெல்ல நடந்தன. "நெட் ஒயர் சொருகின சதுரப் பொந்து, அகலமா, கிளிப் வெச்ச மாறி... கெடச்சுதா? அதுக்கு நேர் கீழ படுக்கையா ரெண்டு. அதுல எதுலனா சொருகுங்க."

ஒரு உரசல். ஒரு தட்டல். பிறகு அந்தக் குரல் கொட்டத் தொடங்கியது.

"வந்துடுத்து" என்றாள்.

"மணி இன்னா மேடம்?"

"அதுவும் சொல்லிடுத்து. பத்தாகலை. வைக்கறேன்."

நன்றிகூடச் சொல்லாமல் வைத்துவிட்டாள். வேலைக்குப் போகிறவளின் அவசரம். அது அவனுக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் அன்று முழுக்க வேறு எந்தப் பெட்டியிலும் மனசு ஒட்டவில்லை. தேவானை தினமும் தரை துடைப்பாள். மயிலாப்பூரில் இன்னொரு நாளும் கரண்ட் போகும். ஃபோனில் அவன் இருந்தால்தான் அது ஓடும் என்றால், ஸ்ரீஹரி இருந்த இடத்தில் இப்போது டில்லிபாபு நிற்கிறான், அவ்வளவுதானே.

சாயங்காலம் வீட்டில் முகம் கழுவிவிட்டுக் கண்ணில் சோப்போடு துண்டைத் தேடியபோது, கை கண்ணாடியில் பட்டது. ஓரமாக, வரிசையாக, சின்னச் சின்ன மேடுகள். ஜோதிலட்சுமி கழற்றி ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டுகள். துண்டை மறந்து அங்கேயே நின்று அவற்றைத் தடவிக்கொண்டிருந்தான்.

"புதுசா ஒரு அட்டை பொட்டு இருந்தா குடு."

"யாருக்கு?"

"ஒரு மெஷினுக்கு."

"அதுக்கு நெத்தி எங்க கீது?"

"பின்னாடி."

"நீ கட்ற மெஷின் எல்லாம் உன்னை மாறியேதான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே பீரோவைத் திறந்தாள்.

அடுத்த நாள் ஜெயஸ்ரீ சாப்பாட்டுக்கு எழுந்த நேரமாகப் பார்த்து மயிலாப்பூர் போனான். பட்டியலில் நின்று காத்திருக்கும் ஏற்பாட்டை எடுத்துவிட்டான். ஆன் செய்ததும் 'எழுந்துவிட்டேன்' என்பதற்கு அடையாளமாக ஒரு சின்ன பீப் வரும்படி செய்தான். வாழும் பொந்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பொட்டு ஒட்டி, நகத்தால் அழுத்தினான். பொட்டில்லாத இடத்தில் எதையும் சொருக வேண்டாம் என்று தேவானையையும் கூப்பிட்டுக் காட்டினான். "அம்மாடி, இப்பதான் லட்சணமா கீது" என்றாள் தேவானை.

ஜெயஸ்ரீ பெட்டியின் முதுகைத் தடவிப் பார்த்தாள். "என்ன கலர்?"

"மெரூன்."

"கறுப்புக்கு எடுப்பாத்தான் இருக்கும்."

பிறகு அவன் மானிட்டரின் ஒயரைத் தானே பிடுங்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். "மெயினை அணைச்சுப் போடுங்க மேடம்." இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான், அவை பாட்டுக்கு எழுந்து போய்விடக் கூடாதென்று. ஜெயஸ்ரீ சுவரோரம் நடந்துபோய் மெயினை அணைத்தாள். வீடு அடங்கியது. போட்டாள். வந்து பட்டனை அழுத்தினாள். ஃபேன். பீப். பிறகு ஒன்றுமில்லை. தெருவில் பூக்காரி யாரிடமோ மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். இன்னும் ஒன்றுமில்லை. டில்லிபாபுவின் விரல்கள் தொடைக்கடியில் துடித்தன.

குரல் வந்தது. ஜெயஸ்ரீ பாஸ்வேர்டை அடித்தாள். குரல் மழையாயிற்று.

அந்த நேரம் பார்த்து ஸ்ரீஹரி அழைத்தான். "அக்கா, வீடியோ ஆன் பண்ணிக் காட்டு. ஸ்க்ரீன்ல என்ன இருக்குன்னு நான் படிக்கறேன்."

"வேலையா இருக்கேன்டா. அப்புறம் பேசு."

ஃபோனை வைத்துவிட்டு டில்லிபாபு பக்கம் திரும்பினாள். "அந்த மானிட்டரை எடுத்துண்டு போயிடுங்கோ. இங்க இருந்தா அவன் தினம் வந்து படிச்சுக் காட்டுவான். மேஜைல இடமும் அடைக்கறது."

மானிட்டரைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். மாடியிலிருந்து அந்தக் குரல் ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்தது. என்ன சொல்கிறது என்று அவனுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. பிடிபட வேண்டியவளுக்குப் பிடிபட்டுக்கொண்டிருந்தது.

ஆட்டோவில் மானிட்டரை மடியில் வைத்து உட்கார்ந்தான். அணைந்த திரையில் மின்கம்பிகளும் ஒரு துண்டு வானமும் நகர்ந்தன. ஃபோன் அடித்தது. காலையில் பெட்டியை வாங்கிப்போன வீடியோக்காரர்.

"பாபு, நின்னுபோச்சுப்பா."

அந்தப் பழைய கேள்வி வாய் வரைக்கும் வந்துவிட்டது. மென்று விழுங்கினான்.

"ஃபேன் சத்தம் கேக்குதா? காதை வெச்சுக் கேளு நைனா."

"யோவ், ஸ்க்ரீன்ல ஒரு வரி வந்துகீதுய்யா, அதப் படிக்கட்டா?"

"படி, படி" என்றான் டில்லிபாபு. "ஆனா மொதல்ல காதை வெச்சுச் சொல்லு."