அப்பாவுக்குப் பண்ணிய போன்

ஆவடிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் காமர்ஸ் நடத்துகிறேன். வீட்டில் திடீர்க் கஷ்டம் வந்த மாணவர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்க அங்கே ஒரு குழு உண்டு. மனுக்கள் உண்மையா என்று விசாரிப்பது என் பொறுப்பு.

முதலாமாண்டுப் பெண் ஒருத்தி மனு கொடுத்தாள். அவள் இணைத்திருந்த சான்றிதழில் அப்பாவின் வருமானம்தான் இருந்தது. திருமழிசையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அந்தச் சம்பளத்துக்குச் சலுகை கிடையாது.

"அப்பா எங்களோட இல்ல மேம். அம்மா அம்பத்தூர்ல தைக்கப் போறாங்க. அவங்க சம்பளத்த மட்டும் பாருங்க" என்றாள். எழுந்து போகும்போது, "அப்பாவுக்கு மட்டும் போன் பண்ணாதீங்க மேம்" என்றாள்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. முந்தின வருஷம்தான் ஒரு பையன், உயிரோடிருக்கும் அப்பாவை இறந்துவிட்டதாக எழுதி எங்களை ஏமாற்றியிருந்தான். அதனால் இவள் சொன்னதே எனக்குச் சந்தேகமாகப் பட்டது. மனுவோடு இருந்த அப்பாவின் பழைய சம்பளச் சீட்டில் கம்பெனி நம்பர் இருந்தது. கூப்பிட்டு, கல்லூரியின் பெயரைச் சொன்னேன்.

மறுமுனையில் இருந்தது அவள் அப்பாதான். "என் பொண்ணு அங்கயா படிக்குது? ஒரு வருசமா தேடிக்கினு கீறேன் மேடம். ஊடு எங்க கீதுன்னுகூட சொல்லாம பூட்டாங்க."

எனக்கு இரக்கம்கூட வந்தது. முகவரி கேட்டார், தரவில்லை. அதுவே போதுமான ஜாக்கிரதை என்று நினைத்துக்கொண்டேன். மனு உண்மைதான் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். குழு பாதிக் கட்டணத்தைக் குறைத்தது.

அந்த வாரமே அவர் கல்லூரி வாசலில் காத்திருந்து, மகள் ஏறிய பஸ்ஸின் பின்னாலேயே பைக்கில், அவர்கள் குடியிருந்த கோவில்பதாகை வரை போயிருக்கிறார்.

மூன்றாம் நாள் அவள் அம்மா டி.சி. வாங்க வந்தார். வலது கையில் மாவுக்கட்டு. மகள் வராந்தாவிலேயே நின்றாள், என் பக்கம் திரும்பவில்லை. எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

"நான்தான் போன் பண்ணேன்" என்றேன்.

"தெரியும் மேடம். டீச்சரம்மா நல்லா பேசுனாங்கன்னு அவரே சொன்னாரு."

அந்த அம்மா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. சலுகைக் கடிதத்தை நீட்டி, "இத வேற காலேஜ்ல காட்டுனா ஒத்துக்குவாங்களா?" என்று கேட்டார். ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

அடுத்த கூட்டத்தில், யாரைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று மாணவர்களே எழுத மனுவில் ஓர் இடம் வேண்டும் என்றேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பிள்ளைகள் மேல் எனக்கு எவ்வளவு அக்கறை என்று முதல்வர் எல்லோர் முன்னாலும் சொன்னார். நடந்ததை அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.